வராத ஒப்பந்தத்தை நம்பி வாங்கும் கடன்

கேள்வி: என் கணவர் என்எஃப்எல் என்ற அமெரிக்கக் கால்பந்து லீக்கில் ரன்னிங் பேக், அதாவது பந்தை ஏந்தி ஓடுபவர். வயது 25. அணிகள் புது ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் நான்காம் சுற்றில் தேர்வானவர். மூன்று சீசன் முடிந்துவிட்டது, ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருடம் பாக்கி. அதற்குச் சம்பளம் சுமார் 11 லட்சம் டாலர். மாமியாரின் வீட்டுத் தவணை, கணவரின் அண்ணன் குடும்பச் செலவு என்று மாதம் 12,000 டாலர் போகிறது. இப்போது அண்ணன் ஜிம் தொடங்க 5 லட்சம் டாலர் கேட்கிறார். அடுத்த ஒப்பந்தத்தை நம்பி 14% வட்டிக்கு மூன்று வருடக் கடன் தர ஒரு நிறுவனம் முன்வந்திருக்கிறது. வாங்கலாமா?
- வாசகி, ஹூஸ்டன்

பதில்: வாங்காதீர்கள். ஜிம் நல்ல தொழிலா என்ற கேள்விக்கே நான் போகவில்லை. உங்கள் வீட்டில் இன்னும் கையெழுத்தாகாத ஒப்பந்தத்தை வைத்துச் செலவு செய்யும் பழக்கம் வந்துவிட்டது. அதுதான் எனக்குக் கவலை.

மற்ற ஆட்டக்காரர்களைவிட ரன்னிங் பேக்குக்குக் காலம் குறைவு. ஓர் ஆட்டத்தில் இருபது முறை பந்தோடு ஓடினால், ஏறக்குறைய இருபது முறையும் நூறு கிலோவை ஒட்டியோ அதற்கு மேலோ எடையுள்ள ஒருவர் முழங்காலிலோ இடுப்பிலோ மோதித்தான் அவரை வீழ்த்துகிறார். அவர்களுடைய சராசரி ஆட்டக்காலம் மூன்று வருடத்துக்கும் குறைவு என்றுதான் பொதுவாகச் சொல்லப்படுகிறது. அணிகளுக்கும் இது தெரியும். அடுத்த டிராஃப்டில் 22 வயதுப் பையன் ஒருவன் மலிவாகக் கிடைப்பான் எனும்போது 26 வயதுக்காரருக்கு ஏன் கோடிகளைக் கொட்ட வேண்டும்?

கொட்டினாலும் நிலைக்காது. ரன்னிங் பேக் டாட் கர்லி 2018-இல் 4 வருடத்துக்கு 5.75 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். முழங்கால் பிரச்சினை கொடுத்தது. 2020 மார்ச்சில் அணி அவரை விடுவித்தது, அடுத்த சீசனை வேறு அணியில் ஆடியதோடு ஆட்டமும் முடிந்தது. இன்னொரு ரன்னிங் பேக் சாக்வன் பார்க்லி 2025-இல் 2 வருடத்துக்கு 4.12 கோடி வாங்கினாரே என்று உங்கள் கணவர் சொல்வார். உண்மைதான். ஆனால் அதற்கு முந்தைய சீசனில் அவர் 2,005 யார்டு ஓடியிருந்தார். அப்படி ஓடியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். 11 லட்சத்தில் வரியும் ஏஜென்ட் கமிஷனும் போனால் கையில் ஆறரை லட்சம் நிற்கும். மாமியார் வீட்டுக்கும் அண்ணன் வீட்டுக்கும் 12,000, உங்கள் செலவு 15,000 என்று வைத்தால் வருடத்துக்கு 3.25 லட்சம். மீதி 3.25 லட்சம், அதாவது ஆட்டம் நின்றுபோனாலும் இன்னொரு முழு வருடம் ஓட்டலாம். இந்தக் கடனுக்கு மாதத் தவணை சுமார் 17,000, வருடத்துக்கு இரண்டு லட்சத்துக்குமேல். மீதி 1.2 லட்சமாகச் சுருங்கும். புது ஒப்பந்தம் வராவிட்டால், சம்பளமில்லாமல் இன்னும் இரண்டு வருடம், நாலு லட்சத்துக்குமேல் கட்ட வேண்டியிருக்கும். போதாததற்கு, நான்காம் சுற்று ஆட்டக்காரரின் கடைசி வருடச் சம்பளத்துக்கே பொதுவாக உத்தரவாதம் கிடையாது. சீசன் தொடங்குமுன் அணி அவரை அனுப்பிவிட்டால் முதல் தவணைக்கே திண்டாட்டம்தான்.

கிரிப்டோ, நண்பர்கள் சேர்ந்து நடத்தும் முதலீட்டு ஃபண்ட் என்றும் யாராவது வருவார்கள். உங்களைப் போன்ற வீடுகளைத்தான் தேடி வருவார்கள். எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். லீக்கின் 401(கே) என்ற ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கில் கணவர் போடும் ஒவ்வொரு டாலருக்கும் இரண்டு டாலர் சேர்த்துத் தருகிறார்கள். அதை உச்சவரம்பு வரை நிரப்பாமல் வேறு எங்கும் ஒரு டாலர்கூடப் போக வேண்டாம். மூன்று சீசனும் முறைப்படி கணக்கில் ஏறியிருந்தால் ஓய்வூதிய உரிமையும் வந்திருக்கும், ஆட்டக்காரர் சங்கத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மாமியார் வீட்டுத் தவணையை இப்போதைக்குத் தொடருங்கள், அதில் கை வைத்தால் வீடு ரெண்டாகிவிடும். அண்ணனுக்கு இந்த ஒரு வருடம் மட்டும் மாதம் இவ்வளவு என்று ஒரு தொகை, அதற்கு மேல் இல்லை. கடன் நிறுவனம் உங்களையும் கையெழுத்துப் போடச் சொல்லும், மறுத்துவிடுங்கள். அப்புறம், அண்ணனிடம் இதை உங்கள் கணவரே சொல்லட்டும். நீங்கள் சொன்னால் மருமகள் தடுத்தாள் என்று ஆகிவிடும்.