2018இல் சேர்ந்தவர் 2023-24இல் எப்படி ஆடினார்?

2018இல் சேர்ந்த அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து வீரர் ஒருவர் 2023-24இலும் ஆடியது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் அட்டவணையில் அவருக்கு ஆறு வருடம் வருவது பிழையல்ல. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவில் அப்போது இரண்டு கணக்குகள் தனித்தனியாக ஓடின: நான்கு சீசன் ஆடலாம், அதை ஐந்து ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். நீங்கள் இரண்டையும் ஒன்றாகக் கழித்திருக்கிறீர்கள்.

நீங்கள் சொன்ன வீரரையே எடுப்போம். 2018-19 ஆடினார், ஒரு சீசன் போனது. கல்லூரி மாறியதால் 2019-20 முழுக்க ஆடாமல் உட்கார வேண்டியிருந்தது. அதில் ஆண்டு மட்டும் கழியும், சீசன் கழியாது. 2020-21இல் எல்லா ஆட்டமும் ஆடியிருந்தாலும் இரண்டுமே கழியாது. கூடைப்பந்து போன்ற குளிர்கால விளையாட்டுகளுக்கு அந்தக் கொரோனா காலச் சலுகையை 2020 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டார்கள். ஆக மிச்சம் மூன்று சீசன்: 2021-22, 2022-23, 2023-24.

அவர் மறுபடி கல்லூரி மாறியதையும் கேட்டிருந்தீர்கள். 2021 ஏப்ரலில் வந்த விதி, உட்காராமல் மாற ஒரே ஒரு வாய்ப்புதான் தந்தது. இவர் ஏற்கெனவே ஒருமுறை மாறியவர். ஆனால் பட்டம் வாங்கிவிட்டு மாறியவர்களுக்கு அந்தத் தடை இருக்கவில்லை. அதனால் அவர் பட்டம் பெற்ற தேதியைப் பாருங்கள், பெரும்பாலும் விடை அங்கேதான் இருக்கும்.

இன்னொன்று: ஓர் ஆண்கள் அணி அப்போது 13 பேருக்குத்தான் ஸ்காலர்ஷிப் தரலாம். ஆனால் 2020-21இல் கடைசி ஆண்டில் இருந்து, பழைய கல்லூரியிலேயே தங்கிய வீரர்கள் 2021-22க்கு அந்த வரம்பில் சேரவில்லை. வேறிடம் போனவர்கள் சேர்ந்தார்கள். அந்த ஆண்டு ஸ்காலர்ஷிப் பட்டியலில் 13க்கு மேல் வந்தால் குழம்பாதீர்கள்.