அந்த மீனுக்குப் பணம் கொடுத்தது யார்?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் மதுரை. இப்போது டோக்கியோவில், நிஷி-கசாயில் இருக்கிறேன். மென்பொருள் வேலை. கூட வேலை பார்த்த ஜப்பானியரைக் காதலித்துக் கல்யாணம் செய்து ஒன்றரை வருடம் ஆகிறது. அவர் டொயாமா மாகாணத்துக்காரர், வீட்டுக்கு மூத்த மகன். வரும் ஏப்ரலில் அவருக்கு இடமாற்றம். ஒசாகாவா டொயாமாவா என்று கம்பெனியில் கேட்டிருக்கிறார்கள். மாமியார் ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்து, 'எப்போது வருகிறீர்கள்' என்கிறார். ஆகஸ்டில் ஓபோனுக்கு, அதாவது முன்னோரைக் கும்பிடும் நாட்களுக்கு, ஊருக்குப் போனால் ஆண்கள் உட்கார்ந்து குடிக்கிறார்கள்; மாமியாரும் ஓரகத்தியும் நானும் சமையலறையில் நிற்கிறோம். சடங்குகள் வேறு ஏராளம். போன டிசம்பரில் என் பிறந்த வீட்டிலிருந்து ஒரு முழு மீன் வர வேண்டும் என்றார் மாமியார். மதுரையிலிருந்து எப்படி வரும்? கடைசியில் அவரே ஒன்றை வாங்கி, எங்கள் வீட்டிலிருந்து வந்தது என்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்துவிட்டு, பாதியை ஐஸ் பெட்டியில் எங்களுக்கு அனுப்பிவிட்டார்! ஃபிரிட்ஜில் இடமே இல்லை. பக்கத்து ஃபிளாட்டுக்குக் கொடுத்தேன். கணவரிடம் சொன்னால், 'டொயாமா அப்படித்தான்' என்கிறார். ஒசாகாக்காரரைக் கட்டிய என் தோழிக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. பெண்களுக்கு ஜப்பானில் எந்த மாகாணம் நல்லது? டொயாமா வேண்டாம் என்று கணவருக்கு எப்படிப் புரியவைப்பது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, டோக்கியோ

பதில்: ஞாயிற்றுக்கிழமை போன், சமையலறை, மூத்த மகன் எல்லாம் எனக்குப் பழைய கதை. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் திண்டுக்கல்லிலிருந்தும் டெட்ராய்ட்டிலிருந்தும் இதே கடிதம்தான் வருகிறது. அதை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த மீனுக்கு வாருங்கள்.

'கடைசியில் அவரே ஒன்றை வாங்கி.' நாலே வார்த்தை. அதை எழுதிவிட்டு ஃபிரிட்ஜில் இடம் இல்லாத கவலைக்குப் போய்விட்டீர்கள். அம்மணி, அந்த மீன் என்ன விலை என்று விசாரித்தீர்களா?

அது புரி மீன். பெயர்தான் நம் பூரிக்குப் பக்கத்தில் வருகிறது, ஆள் பத்து கிலோ இருப்பான். குளிர்காலம் தொடங்கும்போது டொயாமா வளைகுடாவில் இடி இடித்தால் 'புரி-ஒகோஷி' என்பார்கள், புரியை எழுப்பும் இடி. அந்தச் சத்தம் கேட்டால் மீன் வந்துவிட்டது என்று கணக்கு. ஹிமி துறைமுகத்தில் ஏலம் எடுத்த நல்ல மீன் முழுசாக வேண்டுமென்றால் பல பத்தாயிரம் யென் எண்ணிவைக்க வேண்டும். வளர வளரப் பெயர் மாறும் மீன் இது. டொயாமாவில் கொசுகுரா, பிறகு ஃபுகுராகி, பிறகு கந்தோ. டோக்கியோ பக்கம் வகாஷி, இனாதா, வராசா. ஒசாகா பக்கம் சுபாசு, ஹமாச்சி, மெஜிரோ. குட்டியில் ஊருக்கு ஒரு பெயர் இருந்தாலும், பெரிதானால் எல்லா ஊரிலும் புரிதான். மாப்பிள்ளையும் இப்படிப் படிப்படியாக மேலே வரட்டும் என்று, கல்யாணமான முதல் வருடக் கடைசியில் பெண் வீட்டார் ஒரு முழு மீனை அனுப்புவார்கள். நம் தலைதீபாவளிச் சீர் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை வீட்டில் அதை வெட்டி வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டு, பாதியைப் பெண்ணின் பிறந்த வீட்டுக்கே திருப்பி அனுப்புவார்கள்.

பாதி யாருக்குப் போகும் என்பதைக் கவனித்தீர்களா? பெண்ணின் பிறந்த வீட்டுக்கு. உங்கள் வாசலுக்கு வந்த அந்த ஐஸ் பெட்டி உங்கள் அம்மாவுக்கு வந்தது. மதுரைக்கு அனுப்ப வழியில்லாததால் உங்கள் முகவரி எழுதியிருக்கிறார், அவ்வளவுதான்.

கூட்டிப் பாருங்கள். மருமகள் வெளிநாட்டுக்காரி. சம்பந்தி வீட்டிலிருந்து மீன் வராது என்பது அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். 'இவள் வீட்டுக்கு முறை தெரியாது' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த அம்மா என்ன செய்தார்? தன் காசில் மீன் வாங்கி, பார்த்தே பழகாத மதுரைச் சம்பந்தி பெயரில் தெருவுக்குக் கொடுத்து, அந்தச் சம்பந்திக்குச் சேர வேண்டிய பாதியையும் ஒழுங்காக எடுத்துவைத்து அனுப்பியிருக்கிறார். பெற்றவர்கள் பெயரை இவ்வளவு பதனமாகக் காத்த ஒரு காரியம் உங்களுக்கு 'தொல்லை'ப் பட்டியலில் ஓபோனுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் கிடக்கிறது.

சீர் என்ற சொல்லே எனக்கு ஆகாது, அதையும் சொல்லிவிடுகிறேன். என் அக்காவின் முதல் ஆடிக்குப் போன வெள்ளிக் குத்துவிளக்கை அவள் மாமியார் வலது கையில் ஒருமுறை, இடது கையில் ஒருமுறை தூக்கி எடை பார்த்ததை, பாவாடை கட்டிய வயதில் வாசற்படியில் நின்று பார்த்தவள் நான். சீர் குறைந்தது என்று குத்திக்காட்டிய மாமியார்களைப் பற்றி இந்தப் பகுதிக்கு எத்தனையோ கடிதம் வந்துவிட்டது. சீரைத் தானே வாங்கி மருமகள் வீட்டுப் பெயரில் ஊருக்குக் கொடுத்த மாமியாரைப் பற்றி வந்திருப்பது இதுதான் முதல். அதுவும் புகாராக வந்திருக்கிறது!

மீன் கேட்டது தப்பு. அதில் உங்கள் பக்கம்தான் நான். கேட்டும் வராதபோது அவர் நடந்துகொண்ட விதம் வேறு. டொயாமா வழக்கம் மீன் கேட்டதற்கு மட்டும்தான் காரணம். மணிபர்ஸைத் திறந்தது அந்த அம்மாவின் கை.

நீங்கள் நம்பும் இந்த மாகாணக் கணக்கு இங்கேதான் உதைக்கிறது. ஜப்பானியர்களுக்கும் இதில் பெரிய மோகம்தான். 'கென்மின்செய்', மாகாணத்துக்காரர் குணம் என்று ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள். ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.ஹெச்.கே. 1978லும் 1996லும் மாகாணம் மாகாணமாகப் போய் மக்கள் மனப்போக்கைக் கேட்டுக் கணக்கெடுத்தது. வித்தியாசம் இல்லை என்று நான் சொல்லவில்லை. இதே புரி மீன் ஃபுகுவோகா பக்கம் போனால் திசையே மாறிவிடுகிறது: அங்கே மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்கு அனுப்புகிறார்கள், 'நல்ல மருமகளைக் கொடுத்தீர்கள்' என்று. மீன் ஒன்றுதான், ஒரு பக்கம் கடன், இன்னொரு பக்கம் நன்றி. நகோயா இருக்கும் ஐச்சி மாகாணத்தில் ஒரு காலத்தில் பெண்ணின் சாமான்களை லாரியில் ஏற்றி, சிவப்பும் வெள்ளையுமாகத் துணி கட்டி ஊர் பார்க்க அனுப்புவார்கள். அந்த லாரி பின்னால் நகரக் கூடாது. நகர்ந்தால் பெண் வாழாமல் திரும்பி வந்துவிடுவாளாம். சந்தில் எதிரே வண்டி வந்தால் அந்த டிரைவருக்குக் காசு கொடுத்து ஒதுங்கச் சொல்வார்கள். மூன்று பெண் இருந்தால் வீடே கவிழும் என்பது அவர்கள் பேச்சு. நம் ஊரில் அரசன் ஆண்டியாக ஐந்து பெண் வேண்டும், அங்கே மூன்றே போதும்.

இதையெல்லாம் வைத்து 'எந்த மாகாணம் பெண்ணுக்கு நல்லது' என்று கேட்டால் என்ன சொல்ல? நீங்கள் கட்டுப்பெட்டி என்று நினைக்கும் டொயாமாவும் பக்கத்து ஃபுகுயியும் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகள் மிகுந்த மாகாணங்கள். பெரிய வீடு (வீட்டின் பரப்பளவில் டொயாமாவுக்குத்தான் நாட்டில் முதலிடம்), பக்கத்திலேயோ கூடவேயோ தாத்தா பாட்டி, பிள்ளையைப் பார்க்க ஆள். பெண் வேலைக்குப் போகிறாள். ஒசாகாவை ஒட்டியிருக்கும் நாராவில் ஆண்கள் ரயிலேறி ஒசாகாவுக்கு வேலைக்குப் போவார்கள். வேலைக்குப் போகும் பெண்களின் விகிதத்தில் அந்த மாகாணம் நெடுங்காலம் கடைசியில் நின்றது. ஒசாகாவுக்கு மாற்றலாகிப் போய், வாடகையைப் பார்த்து நாராவில் நீங்கள் குடியேறினாலும் ஏறுவீர்கள்! ஒகினாவாவில் நம் சீட்டு மாதிரி 'மோவாய்' போடுவார்கள், அண்டை அயல் ஒட்டுறவு அதிகம். குழந்தைப் பிறப்பு விகிதத்தில் 2023ல் நாட்டுக்கே முதலிடம், 1.60. டோக்கியோ அதே வருடம் 0.99, கடைசி இடம். ஆனால் அதே ஒகினாவாவில் முன்னோர் பெயர் எழுதி வீட்டில் வைத்துக் கும்பிடும் பலகை ஆண் வாரிசுக்குத்தான் போக வேண்டும் என்ற வழக்கத்தோடு பெண்கள் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ககோஷிமாவில் 2015ல் ஆளுநரே, பெண் பிள்ளைகளுக்கு சைன், கோசைன் சொல்லிக்கொடுத்து என்ன ஆகப்போகிறது என்கிற தொனியில் பேசிவிட்டு, பிறகு வாபஸ் வாங்கினார். 47 மாகாணத்திலும் தேடினாலும் மாமியார் இல்லாத மாகாணம் கிடைக்காது.

டொயாமா சொர்க்கம் என்றும் நினைத்துவிடாதீர்கள். வேலைக்கும் போய், வந்து சமைத்து, ஓபோனில் பத்துப் பேருக்குத் தட்டு கழுவுகிறவள் பெண்தான். அது பிடிக்காமல்தான் அந்தப் பக்கத்து இளம்பெண்கள் பலர் டோக்கியோவுக்கு ரயிலேறுகிறார்கள். சமையலறையில் உங்களுக்கு வந்த கோபம் நியாயமான கோபம். அதை யார் மேல் காட்டுகிறீர்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை. உங்கள் மாமியார் அந்தச் சமையலறையில் எத்தனை ஓபோன் நின்றிருப்பார்? அவரும் அந்த வீட்டுக்கு வாழ வந்தவர்தானே. கூடத்தில் கோப்பையோடு உட்கார்ந்திருந்தவர் உங்கள் கணவர்.

அவருக்கும் இருக்கிறது. 'டொயாமா அப்படித்தான்' என்பது ஒரு பதிலா? மனைவியிடம் மீன் கேட்கப்போகிறார்கள் என்று அவருக்கு முன்பே தெரியாதா? அம்மாவுக்கு ஒரு போன் போட்டு, 'இந்த வழக்கம் எங்களுக்கு வேண்டாம்' என்று சொல்ல எத்தனை நிமிடம் ஆகும்? அவர் வாயைத் திறக்காததால்தான் அந்த அம்மா பணத்தைச் செலவழித்தார், நீங்கள் மனத்தாங்கலைச் சுமக்கிறீர்கள். அவர் எழுந்து நாலு தட்டு கழுவினால் டொயாமா வளைகுடா வற்றிப்போகாது. மூத்த மகன் என்ற பட்டத்தைச் சட்டம் 1947லேயே கழற்றிவிட்டது. அதற்கு முன் 1898ல் வந்த சட்டம்தான் நாடு முழுக்க அதை ஒரே அச்சில் வார்த்தது. அதுவரை வடகிழக்கில் சில ஊர்களில் தலைச்சன் பெண்ணாக இருந்தால் அவளுக்கே வீடு. ஒசாகாவின் வியாபாரக் குடும்பங்களில் பெண் பிறந்தால் சந்தோஷப்படுவார்களாம், கடையில் கெட்டிக்காரப் பையனாகப் பார்த்து மாப்பிள்ளையாக்கிக்கொள்ளலாமே என்று. ஆதிகாலத்திலிருந்து இப்படித்தான் என்று உங்கள் கணவர் ஆரம்பித்தால் இதைச் சொல்லுங்கள். இன்னொன்றையும் இப்போதே பேசிவைக்கச் சொல்லுங்கள்: முதல் ஆண் பிள்ளை பிறந்தால் தென்ஜின் என்ற கல்விச் சாமியின் படம் வரைந்த சீலை பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும் என்று டொயாமாவில் ஒரு வழக்கம் உண்டு. இந்தத் தடவையும் அந்த அம்மாவே போய்க் கடையில் நிற்க வேண்டாம்.

இடமாற்ற விஷயத்துக்கு வருகிறேன். ஒசாகாவுக்கே போங்கள். உங்கள் வேலைக்கு அது தோது என்றால் அந்தக் காரணமே போதும். பெற்றவர்களைக் கவனிப்பது கடமை என்று நம்புகிறவள்தான் நான், அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதற்கு ஒரே கூரைக்குக் கீழே போய் அடைய வேண்டும் என்று நான் சொன்னதில்லை. ஒசாகாவிலிருந்து சுருகாவில் ஒருமுறை வண்டி மாறினால் டொயாமா. உடம்புக்கு முடியாதபோது போய் நிற்கிற தூரம்தான். ஆனால் 'டொயாமா ஆட்கள் பொல்லாதவர்கள், அதனால் வரமாட்டேன்' என்று மட்டும் சொல்லிக்கொண்டு போகாதீர்கள். அது பொய் என்று உங்கள் கடிதமே சொல்கிறது.

அதற்கு முன் மதுரைக்கு ஒரு போன் போடுங்கள். மீன் கதையை உங்கள் அம்மாவிடம் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை; சொல்லியிருக்க மாட்டீர்கள். முழுசாகச் சொல்லுங்கள், யார் காசு என்பதையும் சேர்த்து. பிறகு இரண்டு அம்மாக்களையும் வீடியோவில் உட்காரவைத்து, நடுவில் இருந்து மொழிபெயருங்கள். உங்கள் அம்மா எப்படியும் கண் கலங்கிப் பத்து வாக்கியம் பேசுவார். அதை 'நன்றி சொல்கிறார்' என்று ஒரே வரியில் முடித்துவிடாமல் பத்தையும் சொல்லுங்கள். பதிலுக்கு மதுரையிலிருந்து சீர் ஏதும் அனுப்பவைக்காதீர்கள், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துவிடும்.

ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. அவ்வளவு பெரிய மீனை அனுப்பிய அம்மா, அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனில் 'மீன் எப்படி இருந்தது, முள்ளங்கி போட்டு வேகவைத்தாயா' என்று கேட்காமல் இருந்திருக்க மாட்டார். நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?