இதயத்தில் ஓட்டை, மூளையில் ஸ்ட்ரோக்: யாருக்கு அடைக்க வேண்டும்?

கேள்வி: என் தம்பிக்கு 38 வயது. சுகர், பிரஷர், சிகரெட் எதுவும் கிடையாது. போன மாதம் ஸ்ட்ரோக் வந்தது. இப்போது இதயத்தில் ஓட்டை என்கிறார்கள். இத்தனை வருடம் எப்படித் தெரியாமல் போனது டாக்டர்?

பதில்: அது தொந்தரவே தராது, அதனால்தான். கருவில் நுரையீரல் வேலை செய்யாததால், வலது மேலறை ரத்தம் இடது மேலறைக்குப் போக நம் எல்லோருக்கும் அங்கே ஒரு வழி உண்டு. பிறந்து மூச்சு விட்டதும் இடப்பக்க அழுத்தம் கூடி, அந்த வழியில் உள்ள மடிப்பு கதவு போலச் சாத்திக்கொள்ளும், பிறகு ஒட்டிவிடும். ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு ஒட்டுவதில்லை. இதுதான் பி.எஃப்.ஓ. (பேடன்ட் ஃபொராமென் ஓவேல், அதாவது மூடாமல் நின்ற ஓட்டை). இருமும்போதோ முக்கும்போதோ அது ஒரு கணம் திறக்கும். காலிலிருந்து வரும் சின்ன ரத்தக்கட்டி அந்த நேரத்தில் தாண்டிவிட்டால் மூளைக்குப் போய்விடலாம்.

கேள்வி: அப்படியென்றால் உடனே அடைத்துவிடலாமே?

பதில்: அவசரப்படாதீர்கள். இத்தனை பேருக்கு இருக்கும் ஓட்டை, ஸ்ட்ரோக் வந்தவரிடம் தற்செயலாகவும் இருக்கலாம். மூளை எம்.ஆர்.ஐ., கழுத்து ரத்தக்குழாய், ஹோல்டர் (இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் கருவி), ரத்தம் உறையும் தன்மை எல்லாம் பார்த்து, வேறு காரணம் இல்லை என்று நரம்பியல் மருத்துவரும் இதய மருத்துவரும் சேர்ந்து சொல்ல வேண்டும். ஒருவர் மட்டும் சொன்னால் நான் ஏற்க மாட்டேன்.

2012, 2013-இல் வந்த ஆய்வுகளில் அடைப்பதால் தெளிவான லாபம் தெரியவில்லை. 2017-இல்தான் நிலைமை மாறியது. பிரான்சில் நடந்த குளோஸ் ஆய்வில், ஓட்டை பெரிதாகவோ மேலறைகளின் இடைச்சுவர் தொளதொளவென்றோ இருந்த, 60 வயது வரையிலானவர்களை மட்டும் எடுத்தார்கள். சுமார் 5 வருடத்தில், அடைத்த 238 பேரில் ஒருவருக்குக்கூட மறுபடி ஸ்ட்ரோக் வரவில்லை. ஆஸ்பிரின் போன்ற மாத்திரை மட்டும் எடுத்த 235 பேரில் 14 பேருக்கு வந்தது. ஆளைச் சரியாகத் தேர்ந்தெடுத்ததால் கிடைத்த பலன் அது. உங்கள் தம்பி அந்த வகையில் வரக்கூடியவர். நம்பிக்கையோடு மற்ற பரிசோதனைகளை முடியுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது, சுகரும் பிரஷரும் உண்டு. ஸ்ட்ரோக்குக்குப் பிறகு இதே ஓட்டை தெரிந்தது.

பதில்: அம்மா விஷயத்தில் ஓட்டையைவிட ரத்தக்குழாய்மீதும், விட்டுவிட்டு வரும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் கோளாறு)மீதும்தான் சந்தேகம் போகும். நீண்ட நாள் துடிப்பைப் பதிவு செய்யக் கேளுங்கள். பிரஷரைக் கட்டுக்குள் வையுங்கள்.

கேள்வி: பபிள் எக்கோ என்றால் என்ன? பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படவே வேண்டாம். சலைனில் துளி காற்றைச் சேர்த்து, இரண்டு சிரிஞ்சுக்கு இடையே வேகமாக மாற்றி மாற்றித் தள்ளினால் நுண்குமிழிகள் உண்டாகும். அதைக் கை நரம்பில் செலுத்திவிட்டு, "முக்குங்க... சரி, விடுங்க" என்பார்கள். திரையில் வலது மேலறை வெள்ளையாக நிறையும். மூன்று துடிப்புக்குள் இடப்பக்கமும் வெள்ளைப் புள்ளிகள் வந்தால் வழி திறந்திருக்கிறது. நன்றாக முக்காவிட்டால் சில சமயம் ஓட்டை தப்பிவிடும், அதனால் கூச்சப்படாமல் முக்குங்கள்.

கேள்வி: எனக்கு ஸ்ட்ரோக் வந்ததே இல்லை. வேறு காரணத்துக்கு எடுத்த எக்கோவில் தெரிந்தது.

பதில்: அடைக்க வேண்டாம்.

கேள்வி: ஓட்டையை அடைக்க நெஞ்சைத் திறப்பார்களா? அப்புறம் என்னென்ன கவனிக்கணும்?

பதில்: திறப்பதில்லை. தொடைச் சிரை வழியாகக் கதீட்டரை அனுப்பி, நிட்டினால் (நிக்கல் கலந்த உலோகம்) கம்பி வலையாலான இரண்டு வட்டுகளைச் சுவரின் இருபுறமும் விரிப்பார்கள். பெரும்பாலும் மறுநாளே வீடு. நிக்கல் அலர்ஜி இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். பிறகு சில மாதம் ரத்தம் கட்டாமலிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்த்துத் தருவார்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். முதல் 6 மாதத்துக்குள் பல் பிடுங்குவதாக இருந்தால் இதய மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். சிலருக்கு முதல் ஒன்றரை மாதத்துக்குள் படபடப்பு வரும். அது பெரும்பாலும் தற்காலிகம்தான். ஆனாலும் அன்றைக்கே போய் இ.சி.ஜி. எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் அந்தத் துடிப்புக் கோளாறுமே ரத்தக்கட்டியை உண்டாக்கக்கூடியது.