மகள் திருமணத்துக்குள் முடி வளருமா என்று கேட்ட சகோதரிக்கு

மார்பகப் புற்றுநோய்க்கு டோசிடாக்செல் என்ற கீமோதெரபி மருந்து ஏற்றி இரண்டு ஆண்டுகளாகியும் உச்சியில் முடி வளரவில்லை, வைகாசியில் சேலத்தில் மகளுக்குத் திருமணம் என்று ஏற்காட்டிலிருந்து எழுதியிருந்தீர்கள். எனக்கும் இதே நிலைதான்.

சிகிச்சை முடிந்து 6 மாதங்களுக்குப் பிறகும் முடி முழுமையாக வளராவிட்டால் அதை நீடித்த முடியிழப்பு என்றே மருத்துவர்கள் கருதுகிறார்கள். இந்த மருந்தை எடுத்தவர்களில் சிலருக்கு இது நேர்வதுண்டு என்பதால், எண்ணெய் தேய்க்காததால் வந்தது என்று யார் சொன்னாலும் தயவுசெய்து மனத்தில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். தைராய்டு, இரும்புச்சத்து இரண்டையும் பரிசோதித்துக்கொண்டு தோல் மருத்துவரைப் பாருங்கள். புற்றுநோய் திரும்பாமலிருக்கத் தரும் ஹார்மோன் மாத்திரையும் முடியை மெலிதாக்கக்கூடும். ஆனால் அதை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். முடி வளரத் தரும் மினாக்சிடில் மருந்து சிலருக்கு ஓரளவு பலன் தரும், அதற்கும் பல மாதங்களாகும்.

ஏற்காட்டுக் குளிரில் இதமாக இருக்கும் விக், சேலத்து வெக்கையில் நெற்றியோரம் வியர்த்து நழுவும். உள்ளே மெல்லிய பருத்தித் தொப்பி அணியுங்கள். செயற்கை இழை அனலில் சுருங்கிவிடும், ஆகவே ஹோமத்தருகே குனியாதீர்கள். மல்லிகைச் சரத்தை மேல்முடியில் செருகினால் அதன் கனம் விக்கைப் பின்னுக்கு இழுக்கும். என் அக்கா சரத்தை விக்கின் அடித்துணியோடு சேர்த்து நான்கு தையல் போட்டுக் கொடுத்தாள். பல மாதங்களுக்குப் பிறகு தலையில் பூ கனத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.