பட்டை ஸ்பிரிங்கைக் கழற்றிப் போடும் முன்: ஒரு 1968 கமாரோவின் பின்பக்கம்

கேள்வி: டெட்ராய்ட் புறநகரில் இருக்கிறேன் சார். போன வருடம் 1968 செவர்லே கமாரோ எஸ்எஸ் 350 (சக்தி கூடிய மாடல்) ஒன்று வாங்கினேன். நான்கு கியர் மேனுவல். சிக்னலிலிருந்து கொஞ்சம் அழுத்திக் கிளப்பினால் பின்பக்கம் 'தடதட'வென்று குதிக்கிறது, சீட்டே உதறுகிறது. நெடுஞ்சாலை வளைவில் பாலத்து இணைப்பு வந்தால் வால் ஒரு பக்கமாகத் தள்ளிப்போகிறது. ஓட்டுவதெல்லாம் வார இறுதிகளில்தான். ஆகஸ்டில் உட்வர்ட் ட்ரீம் குரூஸ் என்கிற பழைய கார் ஊர்வலம், வருடத்துக்கு ஒன்றிரண்டு ஆட்டோகிராஸ் (கூம்புகளுக்கு நடுவே நேரம் பார்த்து ஓட்டுகிற போட்டி). பட்டை ஸ்பிரிங் (வளைந்த இரும்புப் பட்டையாலான லீஃப் ஸ்பிரிங்) மாட்டுவண்டிக் காலத்துச் சமாச்சாரம், ஃபோர் லிங்க் (ஆக்சிலை நான்கு கைகள் பிடிக்க, எடையைக் காயில் ஸ்பிரிங் தாங்குகிற அமைப்பு) போட்டுவிடு என்கிறார் நண்பர். 3,000 டாலர் வரை செலவழிக்கத் தயார். எதைப் போடலாம்?

பதில்: மாட்டுவண்டி என்றதும் ஒரு திருத்தம் சொல்லிவிடுகிறேன். கட்டைவண்டிக்கு ஸ்பிரிங்கே கிடையாது. வில்லுவண்டிக்குத்தான் உண்டு, வசதியானவர்கள் இடுப்பு நோகாமல் போக வைத்துக்கொண்ட வண்டி அது. பட்டை ஸ்பிரிங் அந்தக் காலத்திலேயே சொகுசுதான்! சரி, உங்கள் காருக்கு வருவோம். அதே 1968இல் டிரான்ஸ்-ஆம் பந்தயங்களில் ரோஜர் பென்ஸ்கி அணிக்காக மார்க் டோனஹியூ கமாரோ ஓட்டினார். 13 பந்தயங்களில் 10ஐ வென்றார். அந்தக் காரின் பின் ஆக்சிலும் பட்டை ஸ்பிரிங்கில்தான் நின்றது. ஆகவே 3,000 டாலரை எடுத்து வைக்கும் முன், உங்கள் காரில் ஸ்பிரிங் வகை தப்பா, அல்லது இருக்கிற ஸ்பிரிங் செத்துப்போயிருக்கிறதா என்று பார்த்துவிடுவோம். நீங்கள் எழுதியதைப் படித்தால் எனக்கு இரண்டாவதுதான் தோன்றுகிறது.

முதலில் அந்தத் தடதடப்பு. கமாரோவில் பட்டைக்கு இரண்டு வேலை. காரின் எடையைத் தாங்க வேண்டும். ஆக்சில் முன்பின்னாகவோ பக்கவாட்டிலோ நகராமல் பிடித்தும் வைக்க வேண்டும். கிளட்சை விட்டதும் டயர் தரையைப் பிடித்து முன்னால் உருளப் பார்க்கும். அதற்கு எதிர்விசையாக ஆக்சில் குழாய் பின்பக்கமாகத் திருகும். பினியனின் (புரொப்பல்லர் ஷாஃப்ட் வந்து சேர்கிற பல்சக்கரம்) மூக்கு மேலே எழும்பும். அந்தத் திருகலைத் தடுக்கத் தனியாகக் கம்பி எதுவும் இல்லை, பட்டைதான் தாங்கியாக வேண்டும். அது நெளிந்துபோகும்: ஆக்சிலுக்கு முன்னால் ஒரு பக்கம் வளைவு, பின்னால் மறுபக்கம் வளைவு. ஒரு கட்டத்தில் டயர் பிடியை விடும், முறுக்கு தளரும், பட்டை படாரென்று நிமிரும், டயர் மறுபடி பிடிக்கும், மறுபடி நெளியும். இது நொடிக்குப் பல தடவை நடப்பதைத்தான் சீட்டில் உணர்கிறீர்கள். குதிக்கும்போதும் விடாமல் மிதித்தால் யூனிவர்சல் ஜாயின்ட், ஆக்சில் ஷாஃப்ட், கிரௌன் பல் என்று ஏதோ ஒன்று போய்விடும். சரிசெய்கிற வரை, குதிக்க ஆரம்பித்தால் காலை எடுத்துவிடுங்கள்.

கமாரோவைத் தயாரித்த ஜிஎம்முக்கே தெரிந்த குறைதான் இது. 1967 மாடலில் பக்கத்துக்கு ஒரே ஒரு பட்டை. இரண்டு ஷாக்குகளும் (குதிப்பை அடக்குகிற ஷாக் அப்சார்பர்கள்) ஆக்சிலுக்கு முன்னால். சக்தி கூடிய கார்களுக்கு மட்டும் வலது பக்கம் திருகலைத் தடுக்க ஒரு கம்பி கொடுத்தார்கள். 1968இல் ஒரு ஷாக்கை ஆக்சிலுக்கு முன்னாலும் மற்றதைப் பின்னாலும் மாற்றி வைத்தார்கள். சக்தி கூடிய மாடல்களுக்கு ஒற்றைப் பட்டைக்குப் பதில் பல பட்டைகளை அடுக்கிய பட்டைக் கட்டு வந்தது. உங்களுடையதில் என்ன இருக்கிறது என்பதைப் பதிவுத்தாளை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் எத்தனை கை மாறியிருக்கும்! எஸ்எஸ் சின்னம் ஒட்டிய சாதா கமாரோக்களும் சந்தையில் நிறைய. படுத்துப் பார்த்து எண்ணுங்கள்.

ஃபோர் லிங்க் போட்டால் குதிப்பு தானாக நின்றுவிடும் என்பதும் சரியில்லை. 1979இல் வந்த ஃபோர்டு மஸ்டாங் தலைமுறையில் காயில் ஸ்பிரிங்கும் நான்கு கைகளும் கம்பெனியிலேயே உண்டு. அதன் 5.0 லிட்டர் கார்கள் குதித்த குதிப்பை அடக்க ஃபோர்டு பின்னால் இரண்டு ஷாக்கைக் கூடுதலாகப் படுக்கவைத்துப் பூட்ட வேண்டியிருந்தது. எதிலும் இணைப்பில் இருக்கிற ரப்பர் உருளையான புஷ் தளர்ந்தால், கைகளின் கோணம் சரியில்லையென்றால் ஆக்சில் ஆடத்தான் செய்யும்.

இப்போது காரைத் தூக்கி உறுதியான ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போக வேண்டாம். பட்டையின் முன் கண்ணில் (போல்ட் நுழைகிற சுருண்ட முனை) இருக்கிற புஷ்ஷைக் கடப்பாரைக் கம்பியால் நெம்பிப் பாருங்கள். ரப்பர் கிழிந்து, போல்ட் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் பாதிக் கதை அங்கேயே முடிந்தது. பின்னால், பட்டையின் பின் முனையைச் சட்டத்தோடு இணைக்கிற ஷேக்கிளின் புஷ்களையும் அப்படியே பாருங்கள். பாலத்து இணைப்பில் வால் தள்ளுவதற்கு முதல் சந்தேகம் இவற்றின் மேல்தான்: புஷ் தளர்ந்தால் வளைவில் ஆக்சில் ஒரு பக்கம் முன்னும் ஒரு பக்கம் பின்னுமாக நகர்ந்து, பின்சக்கரமே கொஞ்சம் ஸ்டியரிங் போடும். அடுத்து ஷாக், எண்ணெய் கசிந்த கோடு இருந்தால் யோசிக்கவே வேண்டாம். பட்டைக்கும் ஆக்சில் இருக்கைக்கும் நடுவே ரப்பர் திண்டு ஒன்று உண்டு, அது நசுங்கி மாவாகியிருக்கும். சமதளத்தில் நிறுத்தி இரண்டு பக்கமும் சக்கர நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் பட்டை களைத்துவிட்டது.

நீங்கள் மிச்சிகனில் இருப்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் சாலையில் கொட்டுகிற உப்பு, பின்சக்கரத்துக்கு மேலே போகிற சட்டத்தையும் ஷேக்கிள் பொருந்துகிற இடத்தையும் உள்ளிருந்து தின்னும். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். 'டங்' என்று கேட்டால் இரும்பு, 'சொத்' என்று கேட்டால் பெயின்ட் பூசிய துரு. துரு என்றால் உங்கள் 3,000 டாலரும் வெல்டருக்கே போகட்டும். அழுகின சட்டத்தில் எந்த சஸ்பென்ஷனையும் பூட்டக் கூடாது.

சட்டம் நன்றாக இருந்தால் நான் சொல்லும் முதல் செலவு, நீங்கள் கேட்காத ஒன்று: சப்ஃபிரேம் கனெக்டர். கமாரோவுக்கு முழு சேஸிஸ் கிடையாது. முன்பக்கம் ஒரு சப்ஃபிரேம் ரப்பர் வைத்து போல்ட்டில் நிற்கிறது. நடுவிலிருந்து பின்பக்கம் வரை தகட்டு உடம்புதான். முன் சப்ஃபிரேமையும் பின் சட்டத்தையும் இரண்டு குழாயால் இணைத்துவிட்டால் உடம்பு முறுக்குவது குறையும். அதன் பிறகுதான் ஸ்பிரிங், ஷாக் செய்கிற வேலையே தெரியும். கூடவே முன் சப்ஃபிரேமின் ரப்பர்களையும் பாருங்கள். அவை கூழாகியிருந்தால் கனெக்டர் போட்டும் பயனில்லை. வெல்டிங் வைப்பவரிடம், காரின் எடை சக்கரங்களில் நிற்கும்போதே வைக்கச் சொல்லுங்கள். முனைகளைத் தூக்கி வைத்து வெல்டு செய்தால் அந்த வளைவோடேயே உடம்பு இறுகிவிடும். அப்புறம் கதவு சாத்தாது.

அடுத்து புதிய பட்டைக் கட்டு ஒரு ஜோடி, புதிய புஷ், புதிய ஷேக்கிள், நல்ல ஷாக். இதுவரை ஒற்றைப் பட்டை என்றால், கட்டுக்கு மாறும்போது கீழ்ப்பிளேட்டும் போல்ட்டுகளும் அதற்குப் பொருந்துமா என்று கேட்டு வாங்குங்கள். பலரும் இதை மறந்து, கார் ஸ்டாண்டில் நிற்கும்போது கடைக்கு ஓடுவார்கள். உயரம் குறைய வேண்டுமென்றால் வளைவு குறைத்து அடித்த பட்டையாகவே வாங்குங்கள், ஒரு அங்குலம் போதும். பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே கட்டை வைத்து இறக்காதீர்கள். ஆக்சில் பட்டையிலிருந்து தள்ளிப்போகிற ஒவ்வொரு அங்குலமும் அந்தத் திருகலுக்கு நெம்புகோல் நீளத்தைக் கூட்டிக் கொடுக்கும். வாங்குகிற ஷாக், இறங்கின உயரத்துக்கு ஏற்ற நீளமா என்பதும் முக்கியம். கார் நிற்கும்போதே ஷாக் பாதிக்கு மேல் அமுங்கியிருந்தால், அடுத்த பள்ளத்தில் அடியில் போய் இடிக்கும்.

புஷ் விஷயத்தில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது. சாலையில் ஓட்டுகிற காருக்கு ரப்பரே போதும். கெட்டி பாலியூரிதேன் முன் கண்ணில் போனால் ஆக்சில் இடம் மாறாமல் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு சக்கரம் மட்டும் மேலே ஏறும்போது பட்டை கொஞ்சம் முறுகியாக வேண்டும். கெட்டிப் புஷ் அதை விடாது, அதோடு இரண்டு மழைக்குப் பிறகு கிரீச் கிரீச்சென்று கத்தும். பின் ஷேக்கிளில் பாலியூரிதேன் கூடவே கூடாது.

இவ்வளவு செய்தும் குதிப்பு மிச்சமிருந்தால், அப்போது டிராக்‌ஷன் பார். அதில் இரண்டு ஜாதி. பழையது பட்டைக்கு அடியில் பூட்டுகிற நீளக் கம்பி. அதன் முனையிலிருக்கிற ரப்பர் முன் கண்ணுக்குக் கீழே இடித்துத் திருகலை நிறுத்தும். மலிவு, வேலையும் செய்யும், ஆனால் காரின் அடியில் பலகை தொங்குகிற மாதிரி இருக்கும். இரண்டாவது ஜாதிக்குப் பெயர்பெற்றது கால்ட்ராக்ஸ். ஆக்சிலுக்குக் கீழிருந்து வருகிற கம்பி, முன் கண்ணில் இருக்கிற ஒரு சுழல் தாங்கியைத் தள்ளும். அந்தத் தாங்கி திரும்பி, பட்டையின் முன்பாதியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும். நெளிய நினைக்கிற இடத்திலேயே கை வைத்த மாதிரி. சும்மா ஓட்டும்போது வேலையில்லாமல் இருப்பதால் சவாரி அவ்வளவாகக் கெடாது. உங்களுக்கு நான் இதைத்தான் எடுப்பேன்.

வளைவில் உடம்பு சாய்வதைக் குறைக்கிற பின் ஆன்டி ரோல் பாரை ஆட்டோகிராஸ் நண்பர்கள் கட்டாயம் சிபாரிசு செய்வார்கள். இந்தக் காருக்குக் கம்பெனி அதைக் கொடுக்கவில்லை. கெட்டியான பட்டைக் கட்டோடு அதையும் சேர்த்தால் ஈரச் சாலையில் வால் உங்களை முந்தும். முன்பக்கம் தடிமனான பார் போட்டு ஒரு சீசன் ஓட்டிவிட்டு யோசிக்கலாம்.

சரி, ஃபோர் லிங்க் யாருக்கு? பின்னால் அகலமான டயர் வேண்டும் என்பவருக்கு. சக்கரக் கிண்ணத்தை வெட்டாமல் இந்தக் காரில் ஏறத்தாழ 255 மில்லிமீட்டர் அகல டயர்தான் நிம்மதியாகப் போகும். மேலே போக வேண்டுமென்றால் கிண்ணத்தை உள்ளே தள்ள வேண்டும், பட்டை வழிமறிக்கும். மாதத்துக்கு இரண்டு முறை ரேஸ் டிராக் போகிறவருக்கும் அது நியாயம்: ஸ்பிரிங், ஷாக், உயரம், கோணம் எல்லாவற்றையும் தனித்தனியாகத் திருத்தலாம். போல்ட்டிலேயே பூட்டுகிற கிட் 2,000 டாலருக்குக் குறைந்து கிடைப்பது அரிது. பின்சீட்டுக்கு அடியில் தரையை வெட்டி வெல்டு செய்கிற ரகம் பொருளுக்கே அதற்கு மேல். கூலி தனி, எக்ஸாஸ்ட் குழாயைப் புதிதாக வளைப்பதும் தனி. டார்க் ஆர்ம் எனக்குப் பிடித்த ஏற்பாடு. 1982 முதல் 2002 வரை கமாரோவே அதில்தான் ஓடியது. திருகலை நீளமான ஒரே கை தாங்கிக்கொள்ளும். ஆனால் அந்தக் கை போகிற வழியில்தான் எக்ஸாஸ்டும் போகும். தனித்தனிச் சக்கரமாகத் தொங்குகிற ஐஆர்எஸ்ஸைப் பற்றி இந்தப் பட்ஜெட்டில் பேச வேண்டாம்.

உங்கள் கணக்கு தோராயமாக இப்படி வரும்: பட்டை, புஷ், ஷேக்கிள், ஷாக் சேர்த்து 1,000 டாலருக்குள், கனெக்டரும் வெல்டிங்கும் சில நூறு, கால்ட்ராக்ஸ் தேவைப்பட்டால் இன்னும் சில நூறு. மிச்சத்தில் நல்ல டயர் வாங்குங்கள். மாற்றுகிற டயர் பத்து வருடப் பழசாக இருந்தால், எல்லாவற்றையும் விட அதுவே பெரிய வித்தியாசமாகத் தெரியலாம்.

நீங்களே பூட்டுவதாக இருந்தால் இரண்டு விஷயம். முன் கண்ணின் பெட்டியைப் பிடிக்கிற போல்ட்டுகளுக்கு நட்டு உடம்புக்குள்ளே ஒளிந்திருக்கும். துருப்பிடித்திருந்தால் நட்டும் சேர்ந்து சுற்றும், அப்புறம் தரையில் ஓட்டை போட்டுத்தான் பிடிக்க முடியும். நாலு நாள் முன்பிருந்தே துரு இளக்குகிற எண்ணெயை அடித்து வையுங்கள். இரண்டாவது, ரப்பர் புஷ் போல்ட்டுகளைக் கார் தொங்கும்போது முழுக்க முறுக்காதீர்கள். சக்கரத்தில் எடையை இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, நாலு தடவை டிக்கியை அமுக்கிவிட்டு இறுக்குங்கள். பிறகு பினியன் கோணத்தை அளங்கள்: பட்டைக் காருக்கு புரொப்பல்லர் ஷாஃப்ட் கோட்டிலிருந்து 2 முதல் 3 டிகிரி மூக்கு கீழே இருந்தால், மிதிக்கும்போது எழும்பி நேராக வந்துவிடும். அதிகமென்றால் பட்டைக்கு மேலே சாய்வான சில்லு வைத்துச் சரிசெய்யலாம். 100 மைல் ஓடியதும் எல்லா போல்ட்டுகளையும் இன்னொரு முறை இறுக்கிவிட்டு, முன்பு எழுதி வைத்த அந்த ஃபெண்டர் அளவை மறுபடி எடுத்துப் பாருங்கள். புதுப் பட்டை முதல் சில வாரங்களில் கொஞ்சம் அமரும்.