லூசியானாவின் பிரெஞ்சு மரபு இன்று எங்கே வாழ்கிறது?

கேள்வி: அமெரிக்காவின் லூசியானாவைப் பிரெஞ்சு மரபு கொண்ட மாநிலம் என்கிறார்கள். புதுச்சேரியில் நாம் பார்ப்பதைப் போல அது சில தெருக்களோடும் கட்டடங்களோடும் நின்றுவிட்டதா, அல்லது மக்களின் வாழ்க்கையிலும் இருக்கிறதா?

வேலை நிமித்தமாகத் தெற்கு லூசியானாவின் லஃபாயெட் நகரில் சில ஆண்டுகள் குடும்பத்தோடு வசித்தவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். பிரெஞ்சு மரபு அங்கே மக்களின் வாழ்க்கையில்தான் இருக்கிறது. கட்டடங்களில் மிகக் குறைவாகவே இருக்கிறது. அந்த மரபை இன்றுவரை காப்பாற்றி வந்தவர்களில் பெரும்பாலோர் பிரான்ஸ் நாட்டிலிருந்து நேராக வந்து ஆண்டவர்கள் அல்லர். துரத்தப்பட்டும், சங்கிலியால் பிணைக்கப்பட்டும், புகலிடம் தேடியும் அங்கு வந்து சேர்ந்த மக்களே. லூசியானாவைப் பற்றிப் பேசும்போது இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

சுற்றுலாப் பயணிகள் நியூ ஓர்லியன்ஸ் நகரின் 'பிரெஞ்சு குவார்ட்டர்' பகுதியில் இரும்புக் கம்பி வேலைப்பாடு கொண்ட பால்கனிகளைப் படமெடுத்து, இதுதான் பிரெஞ்சுக் கட்டடக்கலை என்று மகிழ்வார்கள். ஆனால் 1788ஆம் ஆண்டு புனித வெள்ளியன்று பற்றிய தீயில் 850க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. 1794இல் மீண்டும் ஒரு தீவிபத்து 200க்கும் மேற்பட்ட கட்டடங்களைக் கொண்டுபோனது. அப்போது ஆட்சியில் இருந்தது ஸ்பெயின். ஆகவே உள்முற்றமும் சுண்ணச் சுவரும் கொண்டு மறுபடி எழுந்த நகரம் ஸ்பானிய ஆட்சிக்காலத்தது. நாம் பார்க்கும் பால்கனிகளில் பல அதற்கும் பின்னர் அமெரிக்க ஆட்சியில் சேர்க்கப்பட்டவை. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தின் சாட்சியாக அங்கே இன்றும் நிற்பது 1753இல் கட்டி முடிக்கப்பட்ட உர்சுலைன் கன்னியர் மடம்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1682இல் லா சால் என்ற பிரெஞ்சுக்காரர் மிசிசிப்பி ஆற்றின் முகத்துவாரம் வரை படகில் வந்து, அந்த ஆற்றுப் படுகை முழுவதும் பதினான்காம் லூயி மன்னனுக்கு உரியது என்று அறிவித்தார். 1714இல் நாக்கடிஷ், 1718இல் நியூ ஓர்லியன்ஸ் என ஊர்கள் எழுந்தன. நம்மவர்கள் அதிகம் கவனிக்காத ஒரு தொடர்பு இங்கே இருக்கிறது. ஜான் லா என்ற நிதியாளர் தொடங்கிய மிசிசிப்பி நிறுவனமும் பிரெஞ்சுக் கிழக்கிந்திய நிறுவனமும் 1719இல் ஒன்றாக இணைக்கப்பட்டதால், 1731 வரை புதுச்சேரியையும் லூசியானாவையும் ஒரே வணிகக் குழுமம்தான் நிர்வகித்தது. ஏழாண்டுப் போரை முடித்துவைத்த 1763ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையில் புதுச்சேரி பிரான்ஸுக்குத் திரும்பக் கிடைத்தது; அதே உடன்படிக்கையில் லூசியானாவின் கிழக்குப் பகுதி ஆங்கிலேயர் கைக்குப் போனது. நியூ ஓர்லியன்ஸும் ஆற்றுக்கு மேற்கே உள்ள நிலமும் முந்தைய ஆண்டே ரகசியமாக ஸ்பெயினுக்குக் கொடுக்கப்பட்டிருந்தன. பிறகு நெப்போலியன் அவற்றை ஸ்பெயினிடமிருந்து திரும்பப் பெற்று, 1803இல் 1.5 கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் விற்றுவிட்டார். 1812 ஏப்ரல் 30 அன்று, அந்தப் பெருநிலத்தின் தென்கோடித் துண்டு, லூசியானா என்ற பெயரோடு 18ஆவது மாநிலமாகச் சேர்ந்தது.

கணக்கிட்டால் பிரான்ஸ் அங்கே ஆண்டது ஒரு நூற்றாண்டுக்கும் குறைவு. குடியேறிய பிரெஞ்சுக்காரர்களும் சொற்பம். அப்படியிருந்தும் மொழி வேரூன்றியதற்குக் காரணம் மற்றவர்கள்.

முதலில் ஆப்பிரிக்கர்கள். 1719 முதல் அடிமைக் கப்பல்கள் வரத் தொடங்கின; பிரெஞ்சு ஆட்சியில் கொண்டுவரப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல், காம்பியா நதிப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். நெல் பயிரிடத் தெரிந்தவர்களையும் விதைநெல்லையும் சேர்த்துக் கொண்டுவரும்படி கப்பல் தலைவர்களுக்கு உத்தரவு இருந்தது. அந்தக் குடியேற்றத்தைப் பட்டினியிலிருந்து காப்பாற்றியதில் அவர்களுடைய வேளாண் அறிவுக்குப் பெரும் பங்கு உண்டு. அவர்களிடையே பிரெஞ்சும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்து பிறந்த கிரியோல் மொழி, இன்று 'கூரி-வினி' என்ற பெயரில், பேசுவோர் குறைந்துபோன நிலையிலும் உயிரோடு இருக்கிறது.

அடுத்து அகாடியர்கள். இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதியில் உழுது பிழைத்துவந்த பிரெஞ்சுக் குடியானவர்களான இவர்களை, நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்தார்கள் என்பதற்காக, 1755 முதல் ஆங்கிலேயர்கள் வீடுகளைக் கொளுத்திக் கப்பல்களில் ஏற்றி நாடு கடத்தினார்கள். குடும்பங்கள் பிரிந்தன, பலர் நோயில் மாண்டார்கள். எஞ்சியவர்களில் ஒரு பிரிவினர் 1764, 1765 ஆண்டுகளில் லூசியானாவை அடைந்தார்கள். 1785இல் ஏறத்தாழ 1,600 பேர் ஏழு கப்பல்களில் பிரான்ஸிலிருந்து வந்தார்கள். அந்தக் கப்பல்களுக்குப் பணம் கொடுத்தது ஸ்பெயின் அரசு. லூசியானாவில் பிரெஞ்சு பேசுவோர் பெருகியது பெரிதும் ஸ்பானிய ஆட்சியில்தான். இவர்களின் வழிவந்தவர்களையே இன்று கேஜன் என்று அழைக்கிறோம்.

மூன்றாவதாக, இன்றைய ஹெய்ட்டியான சான் டொமிங் என்ற பிரெஞ்சுக் குடியேற்றத்தின் அடிமைப் புரட்சியிலிருந்து தப்பிக் கியூபாவில் தங்கியிருந்த ஏறத்தாழ 9,000 பேர் 1809இலும் அடுத்த ஆண்டிலும் நியூ ஓர்லியன்ஸில் வந்திறங்கினார்கள். வெள்ளையர், சுதந்திரமான கறுப்பினத்தவர், அடிமைகள் என மூன்று பிரிவினரும் அவர்களில் ஏறக்குறைய சம அளவில் இருந்தார்கள். நகரின் மக்கள்தொகை இதனால் இரட்டிப்பானது. அடுத்து வந்த பல பத்தாண்டுகள் அந்நகரம் பிரெஞ்சு பேசும் நகரமாக நீடித்ததற்கு இதுவே முக்கியக் காரணம். அங்கிருந்த சுதந்திரமான கறுப்பினக் கிரியோல் சமூகம் 1864இல் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் வெளியிட்ட 'ட்ரிப்யூன்' இதழ்தான் அமெரிக்காவில் கறுப்பினத்தவர் நடத்திய முதல் நாளிதழ். ரயிலில் இனப் பாகுபாட்டை எதிர்த்து 1892இல் ஹோமர் பிளெஸ்ஸி என்பவரை வெள்ளையர் பெட்டியில் ஏறச் செய்து வழக்குத் தொடுத்ததும் இதே சமூகத்தினர் அமைத்த குடிமக்கள் குழுதான். 1896இல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பிரெஞ்சு மரபு என்றவுடன் மதுவையும் கேளிக்கையையும் மட்டும் நினைப்பவர்கள், சமத்துவத்துக்காக நடந்த இந்தப் போராட்டத்தையும் அந்த மரபின் பகுதியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நிலவியலுக்கு வருகிறேன். பெரிய ஆறுகளின் டெல்டாவில் கரையோர நிலம்தான் மேடு. வெள்ளம் ஒவ்வொரு முறையும் வண்டலைக் கரையில் இறக்கிவிட்டுச் செல்வதால், ஆற்றைவிட்டு விலக விலக நிலம் தாழ்ந்து சதுப்பில் முடியும். எனவே பிரெஞ்சுக்காரர்கள் நிலத்தைச் சதுரமாகப் பிரிக்காமல், ஆற்றுமுகப்பில் குறுகலாகவும் பின்னோக்கி நீளமாகவும் பட்டை பட்டையாகப் பிரித்துக் கொடுத்தார்கள். அளவை 'ஆர்பாண்', ஓர் ஆர்பாண் என்பது ஏறத்தாழ 58 மீட்டர். பட்டையின் நீளம் வழக்கமாக 40 ஆர்பாண், அதாவது இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். இதனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் படகுத் துறை, வீடு கட்ட மேட்டுநிலம், பயிர் செய்ய வயல், விறகுக்குக் காடு எல்லாமே கிடைத்தன. தந்தை இறந்தால் பிள்ளைகளுக்குச் சமபங்கு என்ற விதிப்படி, பட்டைகள் நீளவாக்கில் மேலும் மேலும் பிரிந்தன. விமானத்தில் சன்னலோர இருக்கையில் அமர்ந்து கீழே பார்த்தால், ஆற்றின் ஒவ்வொரு வளைவிலும் அந்தப் பட்டைகள் விசிறி மடிப்புகளைப் போல விரிந்திருப்பதை இன்றும் காணலாம். என்னைப் பொறுத்தவரை எந்தப் பால்கனியையும்விட இதுவே பிரெஞ்சு லூசியானாவின் தெளிவான அடையாளம். அதே ஆற்றங்கரைப் பட்டைகள்தான் பின்னர் கரும்புத் தோட்டங்களாகி, அடிமைகளின் ரத்தத்தைக் குடித்தன என்பதையும் மறக்கக் கூடாது. 1811இல் நியூ ஓர்லியன்ஸுக்கு மேற்கே இந்தக் கரையில்தான் அமெரிக்க வரலாற்றின் மிகப் பெரிய அடிமைக் கிளர்ச்சி வெடித்தது.

சட்டத்திலும் இந்த மரபு நிற்கிறது. மற்ற 49 மாநிலங்களும் நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியே வளர்ந்த ஆங்கிலப் பொதுச் சட்ட முறையைப் பின்பற்ற, லூசியானா மட்டும் 1808 முதல் பிரெஞ்சு, ஸ்பானிய மரபுகளில் வேரூன்றிய சிவில் சட்டத் தொகுப்பின்படி நடக்கிறது. மற்ற மாநிலங்களில் 'கவுன்ட்டி' என்று சொல்லும் நிர்வாகப் பிரிவு இங்கே 'பாரிஷ்'. பழைய கத்தோலிக்கத் தேவாலயப் பங்குகளை ஒட்டி அமைந்த இவை மொத்தம் 64. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் காலமானபோது இந்தச் சட்டம் நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்பதை அருகிலிருந்து பார்த்தேன். தம்பதியர் சேர்ந்து ஈட்டிய சொத்தில் பாதி மனைவிக்கு உரியது. உயில் இல்லாத நிலையில் கணவரின் பாதி பிள்ளைகளுக்குப் போகும். ஆனால் அதையும் அனுபவிக்கும் உரிமை, மனைவி இறக்கும்வரை அல்லது மறுமணம் செய்யும்வரை அவரிடமே இருக்கும். உடைமை ஒருவரிடமும் அனுபோகம் வேறொருவரிடமும் இருக்கும் இந்த ஏற்பாட்டால் அந்த அம்மையார் தம் வீட்டிலேயே நிம்மதியாக இருந்தார்.

மொழியின் கதை வேதனையானது. 1921ஆம் ஆண்டின் மாநில அரசமைப்பு, பொதுப் பள்ளிகளில் ஆங்கிலத்திலேயே கற்பிக்க வேண்டும் என்று விதித்தது. வீட்டில் பிரெஞ்சைத் தவிர வேறொன்றும் கேட்டறியாத பிள்ளைகள், விளையாட்டுத் திடலில் ஒரு சொல்லை அந்த மொழியில் சொன்னாலும் மண்டியிட வைக்கப்பட்டார்கள். "பள்ளியில் பிரெஞ்சு பேச மாட்டேன்" என்று பக்கம் பக்கமாக எழுத வைக்கப்பட்டார்கள். அப்படித் தண்டிக்கப்பட்டவர்கள் பெற்றோரானபோது தம் பிள்ளைகளிடம் அந்த மொழியைப் பேசவே இல்லை. நான் மேலே சொன்ன அம்மையார் அந்தத் தலைமுறையினர். தம் சகோதரியோடு தொலைபேசியில் பிரெஞ்சில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். மகன் உள்ளே வந்ததும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். மகனுக்கு ஓரளவு புரியும், பேச வராது. பேத்தியோ பிரெஞ்சு வழிக் கல்வி தரும் பொதுப் பள்ளியில் படித்து, பாட்டியின் உச்சரிப்பிலிருந்து வேறுபட்ட பிரெஞ்சில் அவரோடு உரையாடினாள். அந்தப் பள்ளிகளுக்கு வித்திட்டது 1968இல் மாநில அரசு ஏற்படுத்திய பிரெஞ்சு மொழி வளர்ச்சிக் குழு. தொடக்கத்தில் பிரான்ஸ், பெல்ஜியம், கனடா நாடுகளிலிருந்து ஆசிரியர்களை வரவழைத்து, ஊர் மக்களின் சொந்த வழக்கை ஒதுக்கிவிட்டார்கள் என்ற குறை நியாயமானது. ஆனால் அந்த முயற்சி இல்லாதிருந்தால் அந்தப் பேத்திக்கு எந்தப் பிரெஞ்சும் கிடைத்திருக்காது. 2018இல் பிரெஞ்சு பேசும் நாடுகளின் பன்னாட்டு அமைப்பில் லூசியானா பார்வையாளர் தகுதி பெற்றது.

உணவில் கம்போ என்ற குழம்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் இந்த மாநிலத்தின் வரலாறு முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. எண்ணெயும் மைதாவும் சம அளவு எடுத்து, அடிகனமான பாத்திரத்தில் சிறுதீயில் கைவிடாமல் கிளற வேண்டும். அது பொன்னிறம் கடந்து அடர்ந்த பழுப்பு நிறத்துக்கு வர முக்கால் மணி நேரமாவது ஆகும், கண நேரம் அசந்தாலும் கருகிவிடும். இது பிரெஞ்சு முறை. அதில் வெங்காயம், செலரித் தண்டு, குடைமிளகாய் வதக்கி, கோழியும் புகையிட்ட பன்றித் தொத்திறைச்சியும் சேர்த்துக் கொதிக்கவிடுவார்கள். கெட்டிப்படுத்த ஆப்பிரிக்கர்கள் தந்த வெண்டைக்காயையோ, சாக்டா பழங்குடியினரிடம் கற்ற சாசஃப்ராஸ் மரத்தின் இலைப் பொடியையோ சேர்ப்பார்கள். பிறகு சோற்றின் மேல் ஊற்றிச் சாப்பிட வேண்டியதுதான். அந்தச் சோறும் உள்ளூர் விளைச்சல். தென்மேற்கு லூசியானாவின் வயல்களில் நெல் அறுத்தபின் தண்ணீர் தேக்கிக் கிராஃபிஷ் எனப்படும் நன்னீர் இறால் வகையை வளர்க்கிறார்கள்.

கிறிஸ்தவர்களின் நோன்புக்காலத்துக்கு முந்தைய நாள் கொண்டாட்டமான மார்டி கிரா என்றால் நியூ ஓர்லியன்ஸ் ஊர்வலங்கள்தான் உலகுக்குத் தெரியும். மாமூ, யூனிஸ் போன்ற சிற்றூர்களில் அது வேறு விதம். முகமூடியும் கூம்புத் தொப்பியும் கந்தல்துணி உடையும் அணிந்தவர்கள் குதிரையில் வீடு வீடாகச் செல்வார்கள். முகமூடி அணியாத தலைவர் மட்டும் முன்னே போய் வீட்டாரிடம் அனுமதி கேட்பார். அனுமதி கிடைத்ததும் மற்றவர்கள் பழைய பிரெஞ்சுப் பாட்டைப் பாடி, கம்போவுக்குப் பொருள் கேட்டு இறைஞ்சுவார்கள். வீட்டுக்காரர் ஒரு கோழியை உயிரோடு பறக்கவிடுவார். சேற்றிலும் வேலியிலும் விழுந்து புரண்டு அதைப் பிடிக்க வேண்டும். மாலையில் ஊரே கூடி உண்ணும். நோன்புக்காலத்துக்கு முந்தைய நாளில் ஊரார் இரந்து ஊருக்கே விருந்திடும் இந்த வழக்கத்தில் ஐரோப்பிய இடைக்காலம் அப்படியே உயிரோடு நடந்து வருவதைப் பார்க்கலாம்.

இவை அனைத்துக்கும் இன்றுள்ள பெரிய அச்சுறுத்தல் கடல். ஆற்றுக்குக் கரை கட்டியதால் வண்டல் சதுப்புக்கு வருவதில்லை. எண்ணெய் நிறுவனங்கள் வெட்டிய கால்வாய்கள் வழியே உப்புநீர் உள்ளே புகுந்து தாவரங்களை அழிக்கிறது. 1932 முதல் 2016 வரை ஏறத்தாழ 4,800 சதுர கிலோமீட்டர் சதுப்பு நிலம் மறைந்துவிட்டது. இது புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் மொத்தப் பரப்பைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு. கடலோரத்தில் மிக அதிகமாகப் பிரெஞ்சு பேசுவோர் பழங்குடியினரே. அவர்கள் வாழ்ந்த ஈல் து ஜான் சார்ல் தீவு 1955க்குப் பின் தன் நிலத்தில் 98 விழுக்காட்டை இழந்து, குடும்பங்கள் அரசு உதவியோடு உள்நாட்டுக்குக் குடிபெயர்ந்தன. நிலம் போனால் ஒன்றாக வாழ்ந்தவர்கள் சிதறுவார்கள், சிதறியவர்களுக்குப் பேச ஆள் இருக்காது. அருகிலுள்ள புவான்ட் ஓ ஷியென் ஊர் மக்கள், தங்கள் பள்ளி மூடப்பட்டபின் சளைக்காமல் போராடி 2023இல் ஒரு பிரெஞ்சு வழிப் பள்ளியைப் பெற்றிருப்பது இந்த நிலையில் மிகப் பெரிய செய்தி.

நேரில் செல்ல வாய்ப்பு அமைந்தால், நியூ ஓர்லியன்ஸோடு திரும்பிவிடாதீர்கள். ஆற்றங்கரைச் சாலையில் அடிமைகளின் வாழ்வை மையமாக வைத்து 2014இல் திறக்கப்பட்ட விட்னி தோட்ட அருங்காட்சியகத்தைப் பாருங்கள். பிறகு அட்சாஃபலாயா சதுப்புக்காட்டின் மேல் ஏறத்தாழ 29 கிலோமீட்டர் நீளும் பாலத்தைக் கடந்து லஃபாயெட் வாருங்கள். ஏப்ரல் இறுதியில் அங்கே நடக்கும் பன்னாட்டு இசைவிழாவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. கேஜன் இசைக்குழுக்களோடும், கறுப்பினக் கிரியோல் மக்களின் ஸைடகோ இசைக்குழுக்களோடும் ஆப்பிரிக்காவின் பிரெஞ்சு பேசும் நாடுகளிலிருந்தும் கலைஞர்கள் வருவார்கள், கிராஃபிஷ் பருவமும் அதுவே. ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்கள் புயல் காலத்தின் உச்சம் என்பதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.