கோடு எழுதுவதா, கோர்ட்டுக்குப் போவதா?

வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். நான்கு நண்பர்கள், எல்லோருக்கும் ஐடி வேலை. இரவுகளில் உட்கார்ந்து எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷனுடன் (அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டும் முறை) ஒரு சாட் ஆப் செய்துகொண்டிருக்கிறார்கள், இலவசமாக, கோடை யாரும் பார்க்கலாம் என்கிற ஓப்பன் சோர்ஸாக. நால்வரில் ஒருவர் மட்டும், "சட்டத்தை அப்படியே விட்டுவிட்டு ஆப் எழுதி என்ன பயன், நாளைக்கே தடை போட்டால் என்ன செய்வீர்கள், முதலில் அரசாங்கத்தை எதிர்த்து வழக்குப் போடுவோம், இல்லையென்றால் தெருவில் இறங்குவோம்" என்கிறாராம். மற்ற மூவருக்கும் கோர்ட் வாசலே ஆகாது. "சார், இப்படி ஆப் எழுதுவதே குற்றமா? எதை முதலில் செய்வது?" என்று கேட்கிறார்.

தம்பி, குற்றமில்லை. என்கிரிப்ஷன் மென்பொருளை எழுதக் கூடாது என்று இந்தியாவில் சட்டம் கிடையாது. ஐடி சட்டத்தின் 84ஏ பிரிவு, எந்த முறையைப் பயன்படுத்தலாம் என்று விதி வகுக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். 2015 செப்டம்பரில் அதன் பெயரில் ஒரு வரைவுக் கொள்கை வந்தது. அனுப்பிய செய்தியைப் பூட்டு இல்லாமல் 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்று அதில் இருந்ததைப் பார்த்துப் பெரிய எதிர்ப்பு கிளம்பி, சில நாட்களிலேயே வாபஸ் வாங்கிவிட்டார்கள்.

நீங்கள் பயப்பட வேண்டியது 69ஆம் பிரிவுக்கு. பூட்டிய தகவலைத் திறந்து தா என்று உரிய அதிகாரி உத்தரவு போட்டு, நீங்கள் உதவ மறுத்தால் ஏழு ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. ஆனால் இதற்காக 2009இல் வந்த விதிகளில் ஒரு வரி இருக்கிறது, அதை அச்சடித்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்: நீங்களே பூட்டிய தகவல், அல்லது சாவி உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும் தகவல், இந்த அளவுக்குத்தான் உங்களைத் திறக்கச் சொல்ல முடியும். ஆக, பயனரின் போனிலேயே சாவி உருவாகி அங்கேயே இருந்துவிட்டால், உங்களிடம் கொடுக்க ஒன்றுமில்லை. பாஸ்வேர்டை மறந்தவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று சர்வரில் ஒரு பிரதி வைத்தீர்களோ, மாட்டினீர்கள். போன் நம்பரும் அப்படித்தான். பதிவுக்காக வாங்கிய விவரங்களை, பயனர் கணக்கை மூடிய பிறகும் 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது 2021ஆம் ஆண்டின் ஐடி விதி. வாங்காமலே இருந்தால் வைத்திருக்கும் தொல்லையும் இல்லை. இதெல்லாம் நோட்டீஸ் வருவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை. வந்த பிறகு டேட்டாவை அழித்தால் அது தனிக் குற்றம், அதற்கு நானும் கூட வர மாட்டேன்.

செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று காட்டச் சொல்லும் விதி, 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள நிறுவனங்களுக்குத்தான். அந்தக் கவலை இப்போது உங்களுக்கு வேண்டாம்.

சரி, வழக்குப் போடச் சொல்லும் அந்த நண்பர். அவர் பேச்சைத் தள்ளிவிடாதீர்கள். 2023 மே மாதம், ஜம்மு காஷ்மீரில் தீவிரவாதிகள் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லி 14 செயலிகளைத் தடை செய்தார்கள். அதில் பிரையர், எலிமெண்ட் என்ற இரண்டும் ஓப்பன் சோர்ஸ். கோடு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் முடக்குவதற்கு ஐடி சட்டத்தின் 69ஏ பிரிவில் ஒரு உத்தரவு போதும், அதுவும் ரகசியமாகவே இருக்கும். அவர் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை உண்டு.

ஆனால் வழக்கு உங்கள் கை மீறிப் போகும் சமாச்சாரம். நம் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே நடந்தது: 2018இல், சைபர் குற்றவாளிகளைப் பிடிக்க சமூக வலைத்தளக் கணக்குகளோடு ஆதாரை இணைக்க வேண்டும் என்று மனுப் போட்டார்கள். ஆதார் பேச்சு அடிபட்டுப்போய், விசாரணை வாட்ஸ்அப் செய்தியை யார் முதலில் அனுப்பினார் என்று கண்டுபிடிக்க முடியுமா என்ற இடத்துக்குத் திரும்பிவிட்டது. முடியும் என்று ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் காமகோடி ஒரு வழி சொன்னார். அது சரிவராது என்று ஐஐடி பாம்பே பேராசிரியர் ஒருவரின் அறிக்கையும் வந்தது. பிறகு வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு மாறியது. பிள்ளையார் பிடிக்கப் போன கதைதான். இதில் நான் கவனித்தது என்னவென்றால், அந்த விசாரணையில் எடுபட்டது வக்கீல்களின் வாதத்தைவிடக் கணக்குத் தெரிந்தவர்களின் பேச்சு. உச்ச நீதிமன்றத்தின் புட்டசாமி தீர்ப்பைப் புரட்டி அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொல்ல வக்கீல்களான எங்களுக்கு வரும், சாவி எங்கே உருவாகிறது என்று நீதிபதிக்குப் புரியவைக்க உங்களைப் போன்றவர்கள்தான் வேண்டும்.

அதனால் ஆப்பை முதலில் முடியுங்கள். ஆப் இருந்தால் அரசியலமைப்பின் 226ஆவது பிரிவில் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடும்போது "உங்களுக்கு இதில் என்ன பாதிப்பு" என்ற கேள்விக்குக் கையில் பதில் இருக்கும். இப்போது போனால் வெறும் அச்சத்தின் பேரில் வந்திருக்கிறீர்கள் என்று திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம். தெருவில் இறங்குவது உங்கள் உரிமை, ஆனால் சென்னையில் போலீஸ் அனுமதிக்கு முன்கூட்டியே மனுக் கொடுக்க வேண்டும். போராட்டப் போஸ்டரில் ஆப்பின் பெயர் வேண்டாம்.

இன்னும் இரண்டு விஷயம். நீங்கள் அனுப்பிய அறிமுகப் பக்கத்தில் "போலீஸால் உங்களைப் பிடிக்கவே முடியாது" என்று ஒரு வரி இருக்கிறது. விளையாட்டுக்கு எழுதியிருப்பீர்கள், ஆனால் யாராவது ஒரு குற்றவாளி உங்கள் ஆப்பைப் பயன்படுத்தினால் அரசு வக்கீல் முதலில் படித்துக் காட்டுவது அதைத்தான், இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அப்புறம், பிளே ஸ்டோர் கணக்கு ஒருவருடைய அம்மா பெயரில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நோட்டீஸ் அந்தப் பெயருக்குத்தான் வரும். மாற்றுங்கள்.